மனிதரை ஆராய்தல்: உளவியலில் முறையும் அறமும்

உளவியல் ஆராயும் பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அச்சம், நினைவு, விருப்பு, ஐயம் ஆகியவற்றைத் தராசில் நிறுக்கவோ நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கவோ இயலாது என்பதால், ஒருவர் சொல்வது, செய்வது, விடையளிக்க எடுத்துக்கொள்ளும் நேரம், நாடித்துடிப்பின் ஏற்றஇறக்கம் போன்ற புறக்குறிகளைக் கொண்டே உள்ளத்தில் நிகழ்வதை உளவியலாளர் ஊகித்தறிய வேண்டியிருக்கிறது. இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. வேதியியலாளரின் குடுவையிலுள்ள உப்பு, தான் ஆராயப்படுவதை அறியாது. உளவியலாளரின் முன் அமர்ந்திருக்கும் மனிதரோ அதை நன்கறிவார், ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று எண்ணிப்பார்ப்பார், அதற்கேற்பத் தம் நடத்தையை மாற்றிக்கொள்வார், நோகவும் செய்வார். துறையின் ஆய்வு முறைகளும் அறநெறிகளும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பாடநூல்கள் முறையியலை விரிவாக விளக்கிவிட்டு அறநெறியைக் கடைசி இயலில் சில பக்கங்களில் முடித்துக்கொள்வதால், முன்னதே அறிவியல் என்றும் பின்னது அதன்மேல் பூசப்பட்ட நல்லெண்ணம் என்றும் மாணவர் கருத நேர்கிறது. துறையின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் இப்பிரிவினை நிலைப்பதில்லை. பங்கேற்பாளருக்குத் தீங்கிழைத்த ஆய்வுகளில் பல முறையிலும் பழுதுடையவையாக இருந்தன. முறை தளர்ந்த ஆய்வுகள், எவரையும் புண்படுத்தாதபோதும், மனிதர் மனமுவந்து அளித்த நேரத்தையும் நம்பிக்கையையும் வீணாக்கின.

1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அமைத்த ஆய்வகத்திலிருந்தே உளவியலின் தனி வாழ்வைக் கணக்கிடுவது மரபு. அங்கே சிறப்பிடம் பெற்றது அகநோக்கு முறை. அதாவது, பயிற்சி பெற்ற ஒருவர் ஒளி, ஒலி போன்ற தூண்டலைப் பெற்றவுடன் தம் உள்ளத்தில் தோன்றுவதைத் தாமே கவனித்து அறிவிக்கும் முறை. ஓர் ஆய்வகத்தார் கண்டதாகச் சொன்னதை மற்றோர் ஆய்வகத்தார் காணாவிட்டால் யார் சொல்வது சரி என்று தீர்க்க வழியில்லாமற்போனதே இதன் பெருங்குறை. தம்மையே ஆய்வுக்கு உட்படுத்திய ஹெர்மன் எபிங்ஹாஸ் வேறு வழி கண்டார். பொருளற்ற அசைகளின் பட்டியல்களை மனப்பாடம் செய்து, நாள் கடந்தபின் அவற்றை மீண்டும் கற்பதில் எவ்வளவு முயற்சி மிச்சமாகிறது என்று அவர் கணக்கிட்டார். 1885-இல் அவர் வெளியிட்ட மறதி வளைவை 2015-இல் வேறு ஆய்வாளர்கள் மீண்டும் சோதித்தபோதும் ஏறத்தாழ அதே வடிவமே கிடைத்தது. பிறர் திரும்பச் செய்து பார்க்கத்தக்கதாக இருத்தல் என்னும் அளவுகோல் இவ்வாறு தொடக்கத்திலேயே துறைக்குள் வந்துவிட்டது. இந்தியாவிலும், ஹார்வர்டில் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் ஆய்வகத்தை நிறுவியபோது, அந்தச் சோதனைமுறை மரபே வேரூன்றியது.

உற்றுநோக்கல், அதாவது நடத்தையை முறைப்படி கவனித்துப் பதிவு செய்தல், எல்லா முறைகளிலும் எளியதாகத் தோன்றும். அது எவ்வளவு வழுக்கலானது என்பதை ஹான்ஸ் என்ற குதிரை உணர்த்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்பவர் வளர்த்த அக்குதிரை, கூட்டல் கழித்தல் கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை சொல்வதாகப் பலரும் நம்பினர். ஏமாற்று எதுவும் இல்லை என்று அறிஞர் குழுவொன்றும் அறிவித்தது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் 1907-இல் வெளியிட்ட ஆய்வில், கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், அவர் குதிரையின் கண்ணுக்கு மறைவாக நிற்கும்போதும் ஹான்ஸ் தவறுவதைக் காட்டினார். சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலையிலும் முகத்திலும் அவரறியாமலே தோன்றிய நுண்ணசைவைக் கண்டே குதிரை தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. ஆய்வாளரின் எதிர்பார்ப்பு, ஒரு பொய்யும் சொல்லாமலே, முடிவுக்குள் கசிந்துவிடும் என்பது அன்று தெளிவாயிற்று. யார் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பதைப் பங்கேற்பாளரும் அறியாமல், அளவிடுபவரும் அறியாமல் வைத்திருக்கும் இருபக்க மறைப்பு முறை இத்தகைய கசிவைத் தடுக்கவே பயன்படுகிறது.

ஒரே ஒருவரை ஆழ்ந்து ஆராயும் தனியாள் ஆய்வு, அரிதாக நேர்வனவற்றை அறிய வேறு வழியில்லாத இடத்தில் பயன்படுகிறது. கடும் வலிப்பு நோயால் வருந்திய ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல், அவரது 27-ஆம் வயதில், மூளையின் இருபுறப் பொட்டு மடல்களின் உட்பகுதிகள் அகற்றப்பட்டன. வலிப்பு குறைந்தது, ஆனால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் இருத்தும் ஆற்றலும் போயிற்று. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திர வடிவை வரையும் திறனை அவர் நாளுக்கு நாள் மேம்படுத்திக்கொண்டார். எனினும் முன்பு வரைந்ததாகவே அவருக்கு நினைவில்லை என்று பிரெண்டா மில்னர் கண்டறிந்தார். நினைவு என்பது ஒற்றை ஆற்றலில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று அன்று இருந்ததில்லை. 2008-இல் மொலைசன் இறக்கும்வரை அவர் பெயரின் முதலெழுத்துகளால் மட்டுமே குறிக்கப்பட்டது மறைகாப்பு என்னும் நெறியின் நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் காலையில் தந்த ஒப்புதலை மாலையில் மறந்துவிடும் ஒருவர் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆராயப்பட இசைந்தார் என்று சொல்ல இயலுமா என்ற வினா எளிதில் தீர்வதன்று. 1992-இல்தான் அவர் சார்பில் முடிவெடுக்க நீதிமன்றம் ஒருவரை நியமித்தது.

வினாநிரலும் நேர்காணலும் பலரிடமிருந்து விரைவில் தரவு திரட்ட உதவுவன. இவற்றுக்கு இரண்டு தேர்வுகள் உண்டு. ஒரே அளவுகோலை மீண்டும் பயன்படுத்தினால் ஒத்த விடை வருமா என்பது நம்பகத்தன்மை. அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை. முன்னது இருந்தும் பின்னது இல்லாமற்போகலாம். இவ்வகைத் தரவிலிருந்து பெரும்பாலும் கிடைப்பது ஒட்டுறவு, அதாவது இரண்டு மாறிகள் சேர்ந்தே ஏறியிறங்கும் போக்கு. கைபேசியில் நெடுநேரம் செலவிடும் இளைஞரிடம் மனச்சோர்வு மிகுந்திருப்பதாகத் தெரிந்தால், கைபேசி சோர்வை உண்டாக்கியதா, சோர்ந்தவர் கைபேசியை நாடினாரா, தனிமை போன்ற மூன்றாவது காரணம் இரண்டையும் விளைவித்ததா என்பதை ஒட்டுறவு சொல்லாது. செய்தித்தாள்கள் உளவியலைப் பற்றிச் செய்யும் பிழைகளில் மிகப் பரவலானது இதுவே.

காரணத்தை அறியச் சோதனை வேண்டும். ஆய்வாளர் தாமே மாற்றும் காரணி சாரா மாறி. அதனால் மாறுகிறதா என்று அளக்கப்படுவது சார்ந்த மாறி. மாற்றத்துக்கு உட்படுவோர் சோதனைக் குழு, உட்படாதோர் கட்டுப்பாட்டுக் குழு. யார் எந்தக் குழுவில் சேர்வர் என்பதைக் குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் முடிவு செய்தால், வயது, அறிவுத்திறன், குடும்பச் சூழல் போன்ற மற்ற வேறுபாடுகள் இரு குழுக்களிலும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடும் என்பதே இம்முறையின் வலிமை. ஆனால் காரணத்தைத் தம் கையால் உண்டாக்குவதென்பது, அந்தக் காரணம் தீயதாக இருந்தால், தீங்கைத் தம் கையால் உண்டாக்குவதே ஆகும். உளவியலின் மிகக் கூரிய கருவியே அதன் மிகப் பெரிய அறச்சிக்கலையும் கொண்டு வந்தது.

ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் 1920-இல் வெளியிட்ட ஆய்வு இதன் தொடக்கக்கால உதாரணம். பதினொரு மாத ஆண் குழந்தை ஒன்று வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்து அச்சுறுத்தி, நாளடைவில் எலியைக் கண்டாலே அழும்படி செய்தனர். உண்டாக்கிய அச்சத்தை நீக்காமலே குழந்தை ஆய்வு நடந்த மருத்துவமனையை விட்டுச் சென்றது. ஒரே ஒரு குழந்தை, கட்டுப்பாட்டு ஒப்பீடு இல்லை, அச்சத்தின் அளவை மதிப்பிட்டவர்களோ அதை எதிர்பார்த்திருந்தவர்களே. அச்சம் கற்கப்படுகிறது என்ற பெரும் முடிவை இவ்வளவு மெல்லிய சான்றின் மேல் பாடநூல்கள் பல தலைமுறைகளாக ஏற்றி வைத்திருக்கின்றன. நான்கு ஆண்டுகளுக்குப் பின் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து அவன் அச்சத்தைப் போக்கினார். இன்று அச்சநோய்களுக்கு அளிக்கப்படும் நடத்தைச் சிகிச்சையின் மூலம் இந்த இரண்டாவது ஆய்வே என்பது கருதத்தக்கது.

அயோவா பல்கலைக்கழகத்தில் 1939-இல் நடந்தது இதனினும் கொடியது. திக்குவாய் பிறவிக் குறையன்று, குழந்தையின் இயல்பான தடுமாற்றத்தைப் பெற்றோர் குறையென்று சுட்டிக்காட்டுவதால் வளர்வது என்று கருதிய வென்டல் ஜான்சன், அதைச் சோதிக்கத் தம் மாணவி மேரி டியூடரை ஓர் அனாதை இல்லத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த 22 சிறுவர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் இயல்பாகப் பேசிக்கொண்டிருந்த சிலரிடம், அவர்களுக்குத் திக்குவாய் தொடங்கிவிட்டதென்றும் சரியாகப் பேச இயலாவிட்டால் பேசவே வேண்டாமென்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அக்குழந்தைகள் பேசத் தயங்கினர், கூச்சமுற்றனர், வகுப்பில் வாய் திறக்க மறுத்தனர். இசைவு கேட்கப் பெற்றோர் இல்லை; ஆய்வின் நோக்கம் இல்லத்தாருக்கும் முழுமையாகச் சொல்லப்படவில்லை. ஆய்வேடு வெளியிடப்படாமல் நூலகத்தில் கிடந்தது. 2001-இல் ஒரு நாளிதழ் அதை வெளிக்கொணர்ந்தபின் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு வழங்க உடன்பட்டது. இத்தனைக்கும் அந்த ஆய்வு எதையும் நிறுவவில்லை. குழுக்கள் மிகச் சிறியவை. தரவை 2002-இல் மீண்டும் பரிசீலித்த பேச்சுக் குறைபாட்டு வல்லுநர்கள், அக்குழந்தைகளுக்குத் திக்குவாய் உண்டானதற்குச் சான்றில்லை என்றே முடிவு செய்தனர். அறிவும் கிடைக்கவில்லை, குழந்தைகளின் வாழ்நாள் துயரமும் மிஞ்சியது.

அறிவு கிடைத்த இடத்தில் வழக்கு கடினமாகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி மில்கிராம் 1961-62-இல் நடத்திய கீழ்ப்படிதல் ஆய்வுகள் அத்தகையவை. நினைவும் கற்றலும் பற்றிய ஆய்வு என்ற விளம்பரத்தை நம்பி வந்தவர்கள், மற்றொருவர் பிழை செய்யும்போதெல்லாம் 15 வோல்ட் வீதம் கூட்டி மின்னதிர்ச்சி கொடுக்கும்படி பணிக்கப்பட்டனர். அந்த மற்றவர் ஆய்வாளரின் ஆள். மின்சாரம் பாயவே இல்லை. 1963-இல் வெளியான முதல் கட்டுரையின்படி 40 ஆண்களுள் 26 பேர் 450 வோல்ட் வரை சென்றனர். சென்றவர்கள் கல்நெஞ்சர்களாக இருக்கவில்லை. வியர்த்து, நடுங்கி, உதட்டைக் கடித்து, சிலர் அடக்க முடியாத சிரிப்பால் தவித்தபடியே சென்றனர். மின்னதிர்ச்சி பெறுவதாக நடித்தவரின் அருகாமை மிகுந்தபோது கீழ்ப்படிந்தோர் விகிதம் குறைந்ததையும், கட்டளையிடுபவர் அறையை விட்டு நீங்கித் தொலைபேசியில் பேசியபோது அது மேலும் குறைந்ததையும் அடுத்தடுத்த வடிவங்களில் மில்கிராம் காட்டினார். சூழலின் கூறுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் இந்தப் பொறுமை சோதனை முறையின் சிறந்த பண்பு. அதை மறுப்பது நியாயமாகாது.

1964-இல் டயானா பாம்ரிண்ட் எழுப்பிய எதிர்ப்பை, பங்கேற்பாளரின் மனவேதனை பற்றிய இரக்கக் குரலாக மட்டும் பலர் நினைவுகூர்கின்றனர். அவர் கட்டுரையின் கூர்மை வேறிடத்திலும் இருந்தது. ஆய்வகத்துக்குள் நுழைபவர் பழக்கமற்ற சூழலில் ஆய்வாளரையே முழுதும் சார்ந்து நிற்கிறார், அவரை நம்புவதே அங்கு முறை என்று கருதுகிறார். அப்படிப்பட்ட இடத்தில் காணப்படும் கீழ்ப்படிதலை வெளியுலகக் கொடுமைகளுக்குப் பொருத்துவது எவ்வாறு தகும் என்று அவர் கேட்டார். நம்பிக்கையைச் சுரண்டியதே முடிவின் பொருளையும் கலங்கச் செய்தது என்பது அவர் வாதத்தின் சாரம். ஆய்வாளர் விரும்புவதை ஊகித்து அதற்கேற்ப நடக்கும் போக்கு குறித்து மார்ட்டின் ஆர்ன் 1962-இலேயே எச்சரித்திருந்தார்; பங்கேற்பாளருள் ஏறக்குறைய 56 விழுக்காட்டினரே மின்னதிர்ச்சி உண்மையென முழுமையாக நம்பியதாகப் பிற்பாடு கூறினர் என்பதை மில்கிராமே தம் 1974 நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆய்வு முடிந்ததும் உண்மையை விளக்கி மன அமைதி தருதல் என்னும் கடமையை முழுதும் நிறைவேற்றியதாக அவர் எழுதியதும் பின்னர் கேள்விக்குள்ளாயிற்று. ஜினா பெர்ரி ஆவணங்களை ஆராய்ந்தபோது, பலருக்கு மின்சாரம் பாயவே இல்லை என்ற செய்தி மாதங்கள் கழித்தே எட்டியது தெரியவந்தது. பங்கேற்றதில் மகிழ்ச்சி என்று 84 விழுக்காட்டினர் சொன்னதை மில்கிராம் தம் தரப்பாகக் காட்டினார். முன்கூட்டியே அனுமதி கேட்காத ஒருவருக்குப் பின்னால் கிடைக்கும் மன்னிப்பு, ஒப்புதலின் இடத்தை நிரப்பாது. 2009-இல் ஜெர்ரி பர்கர் 150 வோல்ட்டிலேயே நிறுத்தி, மனநலம் நொய்தாக இருப்போரை முன்னரே விலக்கி, இதே வினாவை மீண்டும் ஆராய்ந்ததைப் பார்க்கும்போது, இடர் குறைந்த வடிவமைப்பு முதலிலேயே எண்ணத்தக்கதாக இருந்தது என்பது விளங்கும்.

1971-இல் ஃபிலிப் சிம்பார்டோ நடத்திய ஸ்டான்ஃபோர்டு சிறை ஆய்வுக்கு இவ்வளவு பரிவும் தேவையில்லை. 24 மாணவரைக் காவலர், கைதி என்று பிரித்து இரு வாரம் நடத்தத் திட்டமிட்டது ஆறு நாளில் நின்றது, கைதிகள் நிலைகுலைந்தனர். சூழலே காவலர்களைக் கொடியவராக்கியது என்று உலகுக்குச் சொல்லப்பட்டது. தீபோ ல தெக்ஸியே ஒலிப்பதிவுகளையும் குறிப்புகளையும் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட கட்டுரை, கடுமையாக நடக்கும்படி காவலர்களுக்கு முன்கூட்டியே வழிகாட்டப்பட்டதைக் காட்டியது. சிறைக் கண்காணிப்பாளர் வேடத்தில் சிம்பார்டோவே இருந்ததால், நிறுத்த வேண்டிய கட்டத்தைக் காணும் கண்ணும் அளந்து பதியும் கண்ணும் ஒருசேர மங்கின. கட்டுப்பாட்டுக் குழு இல்லாத அந்த நிகழ்வை ஆய்வு என்று பாடநூல்களில் தொடர்ந்து கற்பிப்பது தகாது.

நெறிமுறைகள் எழுத்தில் வந்தது பெரும்பாலும் பேரழிவுகளின் பின்னரே. நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்போடு 1947-இல் பிறந்த நியூரம்பெர்க் நெறிகள் தன்விருப்ப ஒப்புதலை முதல் விதியாக்கின. 1964-இல் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி சாற்றுரை வந்தது. ஆயினும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, அலபாமாவின் டஸ்கீகியில் மேகநோய் கொண்ட 399 கறுப்பின ஆண்களுக்குப் பெனிசிலின் கிடைத்தபின்னும் சிகிச்சை தராமல் 1932 முதல் 1972 வரை நோயின் போக்கைக் கவனித்துக்கொண்டேயிருந்தது. அது அம்பலமானதால் 1974-இல் தேசிய ஆய்வுச் சட்டமும், 1979-இல் பெல்மான்ட் அறிக்கையும் வந்தன. அவ்வறிக்கை கூறும் மூன்று நெறிகள் உளவியலுக்கும் அடிப்படையாயின: தாமே முடிவெடுக்கும் உரிமையுள்ளவராக ஒவ்வொருவரையும் மதித்தல், நன்மையைப் பெருக்கித் தீங்கைக் குறைத்தல், ஆய்வின் சுமை ஒரு சாராரின் தோளிலும் பயன் வேறு சாராரின் கையிலும் சேராதபடி நீதி காத்தல். தகவலறிந்த ஒப்புதல், அதாவது நோக்கம், இடர், விலகும் உரிமை ஆகியவற்றைப் புரியும்படி சொல்லிப் பெறும் இசைவு, முதல் நெறியின் நடைமுறை வடிவம்.

மூன்றாவது நெறி எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் நடந்த ஆய்வு சான்று. சர்வாதிகாரி சாவுஷெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபின் ருமேனியாவில் பல்லாயிரம் குழந்தைகள் அரசு இல்லங்களில் கிடந்தனர்; வளர்ப்புக் குடும்பங்கள் தலைநகரில் ஏறக்குறைய இல்லை. சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா ஆகியோர் அரசின் அழைப்பின் பேரில், 6 முதல் 31 மாத வயதுடைய 136 குழந்தைகளுள் பாதிப்பேரைக் குலுக்கல் வழியே தாங்கள் உருவாக்கிய வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். மீதிப்பேர் வழக்கமான பராமரிப்பில் இருந்தனர். குடும்பம் நல்லது என்பது தெரிந்ததுதானே, பாதிப்பேரை இல்லத்தில் விட்டுவைப்பது கொடுமையன்றோ என்ற கேள்வி எழுந்தது. அன்றைய ருமேனிய அதிகாரிகள் பலர் இல்லமே மேலென்று உண்மையாகவே நம்பினர்; ஆய்வு இல்லாவிட்டால் அந்தப் பாதிப்பேருக்கும் குடும்பம் கிடைத்திராது; இல்லத்திலுள்ள எந்தக் குழந்தைக்கும் அரசு வழியே குடும்பம் கிடைத்தால் ஆய்வாளர் தடுப்பதில்லை என்பது விதி. நான்கரை வயதில் இல்லக் குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 73, வளர்ப்புக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு 81, பெற்றோருடனே வளர்ந்த உள்ளூர்க் குழந்தைகளுக்கு 109 என்று 2007-இல் வெளியான முடிவுகள் காட்டின. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்தில் சேர்ந்தவர்கள் கூடுதலாகத் தேறினர். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே, கடுமையான உடற்குறை உள்ளோர் நீங்கலாக இரண்டு வயதுக்குட்பட்டோரை இல்லங்களில் சேர்ப்பதை ருமேனியா சட்டத்தால் தடுத்தது. அயோவாவில் ஆதரவற்ற குழந்தைகள் எளிதில் கிடைத்தனர் என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். புகாரெஸ்டில் அவர்களின் நிலையே ஆய்வின் வினாவாக இருந்தது. முறை கறாராக இருந்ததால்தான் அந்தத் தரவு கொள்கை வாதத்தில் எடுபட்டது. இந்த ஆய்வை முற்றிலும் ஐயமற்றதென்று சொல்ல முடியாவிட்டாலும், நடந்திருக்க வேண்டிய ஆய்வு என்றே மதிப்பிட வேண்டும்.

அறநெறி என்றதும் பங்கேற்பாளரின் துன்பத்தையே எண்ணிய துறைக்கு, 2011-ஆம் ஆண்டு வேறொரு பாடம் கற்பித்தது. எதிர்காலத்தை மனிதர் முன்னுணர்வதாக டேரில் பெம் ஒன்பது சோதனைகளுடன் முன்னணி இதழொன்றில் கட்டுரை வெளியிட்டார். வழக்கமான முறைகளைப் பின்பற்றியே அம்முடிவை எட்ட முடிந்தது என்பதுதான் அதிர்ச்சி. அதே ஆண்டில் சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சோன் ஆகிய மூவர், பீட்டில்ஸ் குழுவின் பாடல் ஒன்றைக் கேட்டவர்களின் வயது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு குறைந்ததாகப் புள்ளியியல் சான்றுடன் நிறுவிக் காட்டினர். பல மாறிகளை அளந்துவிட்டுச் சாதகமானதை மட்டும் அறிவித்தல், விரும்பிய முடிவு வரும்வரை ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போதல் போன்ற, அன்று எவரும் குற்றமாகக் கருதாத சலுகைகளைக் கையாண்டால் எதையும் மெய்ப்பிக்கலாம் என்பதை உணர்த்தவே அதைச் செய்தனர். தற்செயலை உண்மையென்று கொள்ளும் வாய்ப்பை 5 விழுக்காட்டில் நிறுத்துவதாகச் சொல்லும் முறை, அத்தகைய நான்கு சலுகைகள் சேரும்போது 60 விழுக்காட்டுக்கு மேல் பிழைபட இடந்தருவதாக அவர்கள் கணக்கிட்டனர். நெதர்லாந்தின் டீடெரிக் ஸ்டாப்பெல் தரவையே புனைந்தது வெளியானதும் அந்த ஆண்டில்தான்; அவருடைய கட்டுரைகளுள் ஐம்பதுக்கு மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டன. 2015-இல் பெருங்கூட்டு முயற்சி ஒன்று முன்னணி இதழ்களின் 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தபோது, மூலக் கட்டுரைகளில் 97 விழுக்காடு பெற்றிருந்த புள்ளியியல் முனைப்பை மீளாய்வுகளில் 36 விழுக்காடே பெற்றன.

இதற்குக் கண்ட மருந்துகள் முறையியல் சார்ந்தவை: கருதுகோளையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் தரவு திரட்டுமுன்னரே பொதுவில் பதிவு செய்தல், போதிய எண்ணிக்கையில் பங்கேற்பாளரைச் சேர்த்தல், தரவைப் பிறர் சரிபார்க்கத் திறந்து வைத்தல். இவை அறக்கடமைகளும் ஆகும். இருபது பேரிடம் ஒரு மணி நேரம் வாங்கி, எந்த வினாவுக்கும் விடை தர இயலாத ஆய்வை நடத்துபவர், அவர்களிடம் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் பெற்றிருந்தாலும், உறுதியளித்ததை வழங்கவில்லை.

யாரை ஆராய்ந்து மனிதரைப் பற்றி முடிவு கட்டப்படுகிறது என்பது இன்னொரு குறை. ஜெஃப்ரி ஆர்னெட் 2008-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு முதன்மை இதழ்களை ஆராய்ந்து, பங்கேற்பாளருள் 96 விழுக்காட்டினர் மேலைத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர் என்று காட்டினார். உலக மக்கள்தொகையில் அந்நாடுகளின் பங்கோ 12 விழுக்காடு. இந்தக் குறை ஏட்டளவில் நிற்பதன்று என்பதைத் தமிழர் வாழும் நிலமே கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக்கு வந்து குவிந்த வெளிநாட்டு ஆய்வாளர்களும் ஆலோசகர்களும் தம் நாட்டு வினாநிரல்களை மொழிபெயர்த்துக்கொண்டு முகாம்களில் அலைந்தபோது, உதவி எது ஆய்வு எது என்று பிரித்தறிய முடியாத நிலையில் இருந்தவரிடம் பெறும் இசைவு இசைவாகுமா என்ற கேள்வியை அதுல சுமதிபால உள்ளிட்ட இலங்கை ஆய்வாளர்கள் எழுப்பினர். காயத்ரி பெர்னாண்டோ சிங்களத்திலும் தமிழிலும் மக்கள் தம் துயரைச் சொல்லும் விதத்தைக் கேட்டு, அதிலிருந்தே ஓர் அளவுகோலை உருவாக்கினார். உடல்வலியும், குடும்பத்திலும் ஊரிலும் தம் கடமையைச் செய்ய இயலாமற்போவதும் அங்கே துயரின் முதன்மைக் குறிகளாகத் தோன்றின. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனியாளை மட்டும் நோக்கும் நோயறிதல் முறை, குடும்பமும் சமூகமும் கூட்டாகச் சிதைந்ததைக் காணத் தவறுகிறது என்று விடாமல் வலியுறுத்தினார். அவர் சொன்னது ஏற்புடைமை பற்றிய முறையியல் வாதம். தம் மக்களின் வலியைச் சரியாகக் கேட்க வேண்டும் என்ற அறக்கோரிக்கையும் அதுவே.

இணையம் இச்சிக்கலை எண்ணிக்கையால் பெருக்கியது. ஃபேஸ்புக் நிறுவனம் 2012 ஜனவரியில் ஒரு வாரம் 6,89,003 பயனரின் பக்கங்களில் தோன்றும் பதிவுகளின் உணர்ச்சிச் சாயலை மாற்றி, அவர்களின் எழுத்து மாறுகிறதா என்று பார்த்தது. பயனர் விதிமுறைகளுக்கு உடன்பட்டதே ஒப்புதல் என்று 2014-இல் வெளியான கட்டுரையில் வாதிடப்பட்டது; வெளியிட்ட இதழே பின்னர் கவலைக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தது. கண்டறிந்த விளைவோ மிகமிகச் சிறியது.

இந்தியாவில் இன்று விதிகளுக்குக் குறைவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99-ஆம் பிரிவு, மனநோயுள்ளவரை நேர்காணல் செய்வதற்குக்கூட அவரது தன்விருப்ப ஒப்புதல் வேண்டும் என்றும் அதை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றும் கூறுகிறது. அதே ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சமூக, நடத்தை அறிவியல்களுக்குத் தனிப்பகுதி ஒதுக்கியிருக்கின்றன. ஏழு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள சிறாரிடம், பெற்றோர் ஒப்புதலுக்கு மேலாக, அவர்களுடைய இசைவையும் கேட்கச் சொல்கின்றன. 7 முதல் 15 உறுப்பினர் கொண்ட நெறிமுறைக் குழுவில் சட்டம் அறிந்தவர் ஒருவரும், துறை சாராத பொதுமக்களுள் ஒருவரும் இடம்பெற வேண்டும் என்கின்றன. அக்குழுக்கள் ஒப்புதல் படிவத்தின் வாசகத்தைத் திருத்துவதோடு பணி முடிந்ததாகக் கருதக் கூடாது. ஆய்வின் வடிவமைப்பு எழுப்பிய வினாவுக்கு விடை தரவல்லதா, ஆட்களின் எண்ணிக்கை போதுமா, இந்த வினாநிரல் இந்த ஊர் மக்களிடம் அளக்க வேண்டியதை அளக்கிறதா என்பவற்றையும் அவை கேட்க வேண்டும். தமிழகத்துக் கல்லூரிகளில் முதுகலை ஆய்வேட்டுக்காக வினாநிரலுடன் வகுப்பறைக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் மாணவருக்கு, படிவம் நிரப்பக் கற்பிக்குமுன் இந்த மூன்று கேள்விகளையும் தம்மிடமே கேட்டுக்கொள்ள ஆசிரியர்கள் கற்பிக்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்கேனும் நேரான விடை இல்லாத ஆய்வேட்டுத் திட்டத்தைத் துறைகள் திருப்பி அனுப்ப வேண்டும்.